கூரைக்கு முன் கிடங்கைப் பாருங்கள்

வீடு திரும்பும் குடும்பமொன்று வளவுக்குள் காலடி வைத்ததும் முதலில் அண்ணாந்து பார்க்கிறது. கூரை இருக்கிறதா, நிலையும் கதவும் மிஞ்சியிருக்கின்றனவா, சுவர் வெடித்திருக்கிறதா என்று பார்க்கிறது. அடுத்து கிணற்றை எட்டிப் பார்க்கிறது. வளவின் பின்மூலையில் பற்றைக்குள் மறைந்து கிடக்கும் மலசலகூடக் கிடங்கை எவரும் தேடுவதில்லை. காணி வாங்கப் போகிறவர்களும் இப்படித்தான். உறுதியை நாலு பேரிடம் காட்டி விசாரிப்பார்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்து, உவரா நன்னீரா என்று ருசி பார்ப்பார்கள். கிடங்கு எங்கே இருக்கிறது என்று கேட்க மட்டும் கூச்சப்படுவார்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உறவினர் வீடு, நலன்புரி நிலையம், வாடகை வீடு என்று மாறி மாறி இருந்தார்கள். கடைசியில் கையிலிருந்த சேமிப்பையும் மகளின் நகையையும் போட்டு, கோப்பாய்ப் பக்கமாக இரண்டு பரப்புக் காணியைச் சிறு வீட்டோடு வாங்கினார்கள். வாங்கியது ஆவணி மாதத்தில். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். வீட்டின் மலசலகூடம் கிணற்றிலிருந்து 60 அடி தள்ளி இருந்தது. எல்லாம் சரி என்றே நினைத்தார்கள்.

மார்கழியில் இரண்டு பிள்ளைகளும் நெருப்புக் காய்ச்சலில் விழுந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்று நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மலக்கிருமி இருந்தது. பிறகு அவர் நாடாவைப் பிடித்துக்கொண்டு தகர வேலிக்கு அப்பால் போனார். அடுத்த வளவுக்காரரின் கிடங்கு இவர்களுடைய கிணற்றிலிருந்து 18 அடியில் இருந்தது. காய்ச்சலுக்கு அந்தக் கிடங்குதான் காரணம் என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கிணறு கெட்டிருந்தது உண்மை. கிணற்றையும் நகர்த்த முடியாது, அயலவரின் கிடங்கையும் நகர்த்த முடியாது. இன்றும் அந்தக் குடும்பம் குடிதண்ணீரைக் கானில் வாங்கி வருகிறது.

இந்த இதழில் இதை எழுதக் காரணம் இதுதான். கிடங்கும் கிணறும் ஒரே கேள்வி. ஒன்றைப் பார்க்காமல் மற்றதைப் பார்த்துப் பயனில்லை. அதிலும் உங்கள் கிடங்கை மட்டும் பார்த்தால் போதாது.

கோயில் சஞ்சிகையில் மலசலகூடத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் கூடாரமடித்து வாழ்ந்த மக்களுக்கு, பாளையத்துக்கு வெளியே ஓரிடம் ஒதுக்க வேண்டும், மண்ணைத் தோண்டி மூட ஒரு கோல் வைத்திருக்க வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரம் விதிக்கிறது. அவர்களும் இடம்பெயர்ந்த மக்கள்தாம். வேதத்தில் இடம்பெற்ற விடயம் எமது சஞ்சிகையிலும் இடம்பெறலாம்.

கல்லுக்குள் ஓடும் வழிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அதைக் கரைத்துக் கரைத்து வெடிப்பும் துவாரமும் குகையுமாக ஆக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணற்றை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். அது நிலத்தடிக் குகையொன்றின் மேற்கூரை இடிந்து விழுந்து உண்டானது. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊற்றெடுக்கிறது. உள்நாட்டில் எங்கோ பெய்த மழை கல்லின் வெடிப்புகளூடாக ஓடி அங்கே வெளிவருகிறது. நாம் பெருமையோடு காட்டும் இந்த இரண்டும் ஒரு எச்சரிக்கையும் கூட. நன்னீர் ஓடும் அதே வழியில் அழுக்குநீரும் ஓடும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்ததாக எழுந்த பிரச்சினை நீதிமன்றம் வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

மணல் நிலத்தில் கிடங்கு நீர் மெதுவாகக் கசிகிறது. மணலும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் கிருமிகளை வழியிலேயே மறித்துக்கொள்கின்றன. வெடித்த கல்லில் அப்படி மறிப்பார் எவரும் இல்லை. வெடிப்பொன்று நேராகக் கிணற்றில் போய் முட்டினால் தூரம் ஒரு பொருட்டே அல்ல.

கிணற்றுக்கும் கிடங்குக்கும் இடையில் 50 அடி விட வேண்டும் என்று மேசன்மார் சொல்வது வழக்கம். அகதி முகாம்களுக்காக உலகளவில் பின்பற்றப்படும் விதிமுறை 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி என்கிறது. கிடங்கின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்திலிருந்து ஆகக் குறைந்தது ஒன்றரை மீற்றர், அதாவது 5 அடி மேலே இருக்க வேண்டும் என்றும், வெடித்த பாறையிலும் சுண்ணாம்புக் கல்லிலும் தூரத்தை இன்னும் கூட்ட வேண்டும் என்றும் அது சொல்கிறது. இரண்டு பரப்புக் காணியில் 100 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறோம்.

இன்னொன்று நைத்திரேற்று. எமது தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவிலிருந்தும், மலக்கிடங்குகளிலிருந்தும் இது நீரில் சேர்கிறது. ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டில் தோட்டச் செறிவுள்ள இடங்களில் பல கிணறுகள் இதைத் தாண்டியுள்ளன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப் பால் கரைக்க அந்தத் தண்ணீரைப் பாவித்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடவே செய்யும். கொதிநீர் குடித்தால் பயமில்லை என்று நினைத்திருக்கும் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் உயிர்

கிடங்கைப் பார்க்கச் சொன்னோம் என்பதற்காக அலவாங்கை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் கிடங்குகளுக்குள்ளும் கிணறுகளுக்குள்ளும் வெடிக்காத வெடிபொருட்கள் போடப்பட்டிருக்கலாம். கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணிதானா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். விடுவிக்கப்பட்ட காணியிலும் பற்றையை எரிக்கவோ கிடங்கைக் கிண்டவோ முன் கண்ணால் பாருங்கள். சந்தேகமான எதையும் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

அடுத்தது மூடி. இருபது ஆண்டு மாரி பட்ட கொங்கிறீற்று மூடிக்குள் கம்பி கறள் பிடித்து உக்கியிருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. அதன்மேல் ஏறி நிற்காதீர்கள். எட்ட நின்று நீண்ட தடியால் தட்டிப் பாருங்கள். ஆடு மாடுகளையும் பிள்ளைகளையும் கிட்ட விட வேண்டாம்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, வாயு. மலக்கிடங்கில் ஐதரசன் சல்பைட்டும் மெதேனும் உண்டாகின்றன. முதலாவது கூழ்முட்டை மணம் உள்ளது. ஆனால் செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் மணம் தெரியாது; மணமில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று இறங்கியவர் அப்படியே விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகள் இப்படித்தான் வருகின்றன. எந்தக் காரணம் கொண்டும் கிடங்குக்குள் இறங்காதீர்கள், தலையையும் உள்ளே நீட்டாதீர்கள். பாழடைந்த கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்ப்பது எமது பெரியோர் வழக்கம். அதை மலக்கிடங்கில் செய்யக் கூடாது. மெதேன் தீப்பற்றி வெடிக்கும். மூடியை அரைவாசி திறந்து வைத்துவிட்டு, நேரம் விட்டு, காற்று வரும் பக்கம் நின்று பாருங்கள். கிட்ட ஒருவரும் பீடி சுருட்டு பற்றவைக்க வேண்டாம்.

உள்ளே இருப்பது என்ன

ஊரில் எல்லாவற்றையும் "செப்டிக் தாங்கி" என்றுதான் சொல்வார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் அது வெறும் கிடங்கு. சுற்றிவரக் கல் அடுக்கி, அடியில் சீமெந்து போடாமல், மேலே ஒரு மூடி போட்டது. மலமும் நீரும் ஒன்றாக விழும். நீர் நேரே நிலத்துக்குள் போகும். "எங்கட கிடங்கு முப்பது வருசமாக நிரம்பவேயில்லை" என்று பெருமைப்படுபவர்கள் இருக்கிறார்கள். நிரம்பாத கிடங்கைக் கண்டு நாம் சந்தோசப்படுவதில்லை. அதற்குள் போனது எங்கே போனது என்று கேட்கிறோம்.

உண்மையான செப்டிக் தாங்கி அடியும் பக்கமும் சீமெந்து பூசி நீர் கசியாமல் கட்டப்பட்டது. கனமானவை அடியில் மண்டியாகப் படியும். எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே பாடையாக மிதக்கும். நடுவில் தெளிந்த நீர் மட்டும் 'ரீ' வடிவக் குழாய் வழியாக அடுத்த உறிஞ்சு கிடங்குக்குப் போகும். நீர் ஆகக் குறைந்தது ஒரு நாளாவது தாங்கியில் தங்கினால்தான் இந்தப் பிரிவு நடக்கும். ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது: இது ஒற்றைக் கிடங்கா, இரண்டு பகுதியா? அடிக்குச் சீமெந்து போட்டிருக்கிறதா? கட்டிய மேசன் இன்னும் ஊரில் இருந்தால் அவரையே கேளுங்கள்.

ஆட்கள் குடியிருக்கும் வீட்டை வாங்கப் போனால், தாங்கியின் நீர்மட்டம் பல கதை சொல்லும். வெளிப்போகும் குழாயின் கீழ் விளிம்பு வரை நீர் நிற்பதுதான் சரி. அதற்கு மேலே நின்றால் உறிஞ்சு கிடங்கு அடைபட்டிருக்கிறது, அல்லது நிலத்தடி நீர் ஏறி நிற்கிறது. அதற்குக் கீழே நின்றால் தாங்கி எங்கோ ஒழுகுகிறது, அல்லது நீங்கள் வருகிறீர்கள் என்று அறிந்து இப்போதுதான் பவுசர் பிடித்து வெறுமையாக்கியிருக்கிறார்கள். வெறுமையான தாங்கியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மூடியின்மேல் புதிதாகச் சீமெந்து பூசியிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். விற்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வாங்குபவர் கேட்காததை விற்பவர் தானாகச் சொல்வதும் இல்லை.

மண்டியை அளக்க ஒரு சுலப வழி உண்டு. பத்தடித் தடியொன்றின் கீழ்ப்பகுதியில் நாலு அடிக்குப் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். மெதுவாக அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து, மெதுவாக எடுங்கள். துணியில் கறுப்பாகப் பிடித்த உயரம் மண்டியின் உயரம். அது நீரின் ஆழத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டியிருந்தால் அகற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. சாதாரண குடும்பத்துக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அகற்ற வேண்டி வரும். அகற்றியதைத் தோட்டத்துக்கு நல்ல பசளை என்று வெங்காயப் பாத்தியில் ஊற்ற வேண்டாம். வட்டப்புழுவின் முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிரதேச சபையிடம் பவுசர் கேளுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

பாழடைந்த வீட்டுக்குத் திரும்புவோருக்கு வேறு சோதனை. தாங்கி காய்ந்து கிடக்கும். வேம்பும் ஆலும் வேர் விட்டுச் சுவரைப் பிளந்திருக்கும். வெளிக்குழாய் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, தடியொன்றில் அடையாளம் இட்டு, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மட்டம் தெரியும்படி இறங்கியிருந்தால் வெடிப்பு உண்டு. வெடிப்புள்ள தாங்கியைப் பாவிப்பது வெறும் கிடங்கைப் பாவிப்பதுதான். அதைத் திருத்திப் பூசிய பின்னரே வீட்டில் குடியேறுங்கள். ஓடு வாங்க வைத்த காசில் சிறிது குறைந்தாலும் பரவாயில்லை. தகரத்தின்கீழ் ஒரு வருடம் இருக்கலாம்.

உறிஞ்சு கிடங்கைச் சோதிக்க, அரை மணி நேரத்துக்குள் பதினைந்து இருபது வாளி தண்ணீரை மலசலகூடத்துக்குள் ஊற்றிப் பாருங்கள். கோப்பையில் நீர் தேங்கினாலோ, கிடங்கைச் சுற்றி நிலம் ஈரமானாலோ அது உறிஞ்சவில்லை. கோடையில் வளவு முழுவதும் காய்ந்து கிடக்க, ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றால் அந்த இடத்தையும் கவனியுங்கள். காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

மாரியில் பாருங்கள்

எமது குடும்பம் ஆவணியில் வாங்கியது என்று சொன்னோம் அல்லவா? ஆவணியில் எல்லாக் கிடங்கும் நல்ல கிடங்கு. நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும். கிடங்கின் அடிக்கும் நீருக்கும் இடையில் போதிய இடைவெளி இருக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் கிணற்று நீர் ஏறி வரும். பல இடங்களில் வாளியைக் கையால் அள்ளும் அளவுக்கு மேலே வரும். அப்போது கிடங்கின் அடி நீருக்குள் நிற்கும். கிடங்கும் கிணறும் ஒரே தண்ணீரில் நனையும். ஆகவே காணி வாங்குவோர் முடிந்தால் தை மாதம் வரை பொறுத்து, மழைக்காலத்தில் ஒருமுறை பாருங்கள். பொறுக்க முடியாவிட்டால் அயலிலுள்ள வயதான அம்மாவைக் கேளுங்கள். மாரியில் தண்ணீர் எந்தப் படி வரை வரும், எந்த வீட்டுக் கிடங்கு பொங்கும் என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும். கிணற்றின் உட்சுவரிலும் நீர் நின்ற தடம் தெரியும்.

வன்னியில் கணக்கு வேறு. செம்மண் நிலம் நீரை நன்றாக உறிஞ்சும், வடிகட்டவும் செய்யும். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி அப்படியல்ல. கோடையில் கையை விடும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பட்டதும் ஊதி இறுகி ஒரு சொட்டும் உறிஞ்சாது. கோடையில் பார்த்து நல்ல கிடங்கு என்று நம்பியவர் மாரியில் கால் வைக்க முடியாமல் நிற்பார். கிடங்கு வெட்ட முன் அந்த இடத்தில் ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி தோண்டுங்கள். தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி, ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தால் அந்த இடம் உதவாது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட்டால் அதுவும் நல்லதல்ல. கீழே ஏதோ வழி திறந்திருக்கிறது.

வேலிக்கு அப்பால்

உங்கள் கிணற்றைச் சுற்றி 100 அடி வட்டமொன்றை மனதில் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் எத்தனை கிடங்கு? உங்களுடையது எத்தனை, அயலவருடையது எத்தனை? முன்பு பத்துப் பரப்பில் ஒரு வீடும் ஒரு கிடங்கும் இருந்தன. பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துப் பிரித்து இன்று அதே பத்துப் பரப்பில் ஐந்து வீடும் ஐந்து கிடங்கும். 2009ஆம் ஆண்டுக்குப் பின் உதவித் திட்டங்களில் வீடுகள் அடுத்தடுத்து எழுந்தபோதும், ஒவ்வொருவரும் தத்தம் வளவின் பின்மூலையில் கிடங்கு வெட்டினார்கள். என்னுடைய பின்மூலை அடுத்தவரின் கிணற்றடி என்பதை எவரும் நினைக்கவில்லை. புதிதாகக் கட்டுவோர் இரு வீட்டாரும் சேர்ந்து நாடா பிடித்து இடம் குறித்தால் இந்தச் சண்டை வராது. பங்கு மக்கள் கூட்டத்தில் பேசத் தகுந்த விடயம் இது.

இடம் போதாதவர்களுக்கு நாம் சொல்லக் கூடியது: ஆழமாக வெட்டாதீர்கள். கல்லை உடைத்து ஆழமாக்கிய கிடங்குதான் மிகவும் ஆபத்தானது. நீர் கசியாத தாங்கியைக் கட்டுங்கள்; வேண்டுமானால் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். அதிலிருந்து வரும் நீரை ஆழமற்ற மணல் வாய்க்காலில் பரவ விட்டு, வாழையோ கல்வாழையோ நடுங்கள். மாரி நீர்மட்டத்துக்கும் வாய்க்காலின் அடிக்கும் இடையில் 5 அடி இல்லாத இடத்தில், மண் கொட்டி மேடாக்கி அதன்மேல் வாய்க்காலை அமையுங்கள். இது பூரண பாதுகாப்பு என்று சொல்ல மாட்டோம். வெறும் கிடங்கைவிடப் பல மடங்கு மேலானது. பழைய கிடங்கைக் கைவிடுவதாயின் பவுசரால் வெறுமையாக்கி, சுண்ணாம்பு தூவி, மண்ணால் நிரப்பி மூடுங்கள். குப்பைக் கிடங்காக்க வேண்டாம்.

கிணற்று நீரைச் சோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தையோ நாடலாம். மலக்கிருமியும் நைத்திரேற்றும் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். 100 மில்லிலீற்றரில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிணற்றை இறைத்து வெளிற்றும் தூள் போடுவது நல்லதுதான். ஆனால் பக்கத்துக் கிடங்கு அப்படியே இருக்குமாயின் அந்தச் சுத்தம் சில நாளைக்குத்தான்.

காணி வாங்குவோர் குறைகளைக் கண்டால் உடனே கைவிட வேண்டும் என்பதில்லை. தாங்கி புதிதாகக் கட்ட எவ்வளவு செலவாகும் என்று மேசனிடம் கேட்டு, அதை விலையில் குறைத்துப் பேசுங்கள். அயல் கிடங்கு கிணற்றோடு ஒட்டி இருந்தால் மட்டும், அது எந்த விலைக்குறைப்பாலும் தீராதது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியில் காணியின் எல்லை இருக்கும், கிணற்றில் பங்கு இருக்கும். கிடங்கு எங்கே என்று இராது. ஆகவே ஒரு தாளில் உங்கள் வளவை வரைந்து, கிணறு, தாங்கி, மூடி இருக்கும் இடம், அயல் கிடங்குகள், ஒவ்வொன்றுக்கும் இடையிலான அடிக்கணக்கு, கடைசியாக மண்டி அகற்றிய திகதி ஆகியவற்றை எழுதுங்கள். இடம்பெயர்ந்தபோது உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அதே பைக்குள் இந்தத் தாளையும் வையுங்கள்.